குளிரில் டிரையத்லான்: வாசகர் கேள்வி – பதில்

குளிர் காலத்திலும் குளிர் பிரதேசங்களிலும் நடக்கும் ஸ்பிரிண்ட் டிரையத்லான் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம் என்பதுதான் ஸ்பிரிண்டின் வழக்கமான அளவு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: போட்டியன்று ஏரித் தண்ணீர் 14 டிகிரி, காற்று 8 டிகிரி இருக்கும் என்கிறார்கள். நீச்சல் குளத்தில் 1,500 மீட்டர் நிற்காமல் நீந்துவேன். ஆனால் போன வாரம் ஏரியில் இறங்கியதுமே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. பயமா, உடம்பில் ஏதும் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. தோல் திடீரெனக் குளிர்ந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு வேகமாகும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறோம். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது வரும். அந்த முதல் மூச்சு தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது வந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளிர்ந்த நீரில் நடக்கும் விபத்துகளில் பல இந்த முதல் சில நிமிடங்களில்தான் நேர்கின்றன.

இதைப் பழக்கத்தால் குறைக்கலாம். போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஐந்தாறு தடவை, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் கழுத்தளவு குளிர்ந்த நீரில் இருந்தாலே அதிர்ச்சியின் வேகம் கணிசமாகத் தணியும். அந்தப் பலன் பல மாதம் தங்கும். நீந்த வேண்டும் என்றுகூட இல்லை, நின்றாலே போதும். ஆனால் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

போட்டியன்று தண்ணீரில் இறங்க அனுமதித்தால் அவசரப்படாமல் இறங்குங்கள். முதலில் முகத்திலும் பின்கழுத்திலும் தண்ணீரைத் தெளித்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு வந்ததும் வெட்சூட்டின் (குளிரைத் தடுக்கும் நியோப்ரீன் ரப்பர் நீச்சலுடை) கழுத்துப் பகுதியை விரலால் இழுத்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதை மறந்துவிட்டு, வாயைக் குவித்து நீளமாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். அது சீரானதும் முகத்தை மட்டும் நீரில் வைத்துக் குமிழி விடுங்கள். அது முடிந்தால் இருபது முப்பது கை வீச்சு நீந்திப் பாருங்கள். இறங்க அனுமதி இல்லையென்றால், ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய், புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பு அரை லிட்டர் அளவு வெட்சூட்டுக்குள் ஊற்றிக்கொள்ளலாம். வெட்சூட்டுக்கும் தோலுக்கும் இடையே எப்படியும் தண்ணீர் நிற்கத்தான் போகிறது. அது முதலிலேயே சூடாக இருந்தால் உடம்பு அதைச் சூடாக்கச் செலவிடும் வெப்பம் மிச்சம்.

கூட்டத்தின் நடுவில் நிற்காதீர்கள். ஓரமாகவோ பின்னாலோ நின்று, முதல் ஒரு நிமிடம் தலையை வெளியே வைத்தே நீந்துங்கள். அதில் போகும் சில நொடிகள் ஒரு பொருட்டே அல்ல. மூச்சு கட்டுக்குள் வராவிட்டால் மல்லாந்து படுங்கள், வெட்சூட் உங்களை மிதக்க வைக்கும். கையை உயர்த்தினால் பாதுகாப்புப் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பது விதிமீறல் அல்ல, அதன் உதவியால் முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மூச்சுத்திணறல் அடங்காமல் கூடிக்கொண்டே போய், இருமலும் நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளியும் வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி. குளிர்ந்த நீரும் இறுக்கமான வெட்சூட்டும் சேரும்போது ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரலாம். உடனே கரையேறி மருத்துவக் குழுவிடம் போக வேண்டும், சமாளித்து நீந்தப் பார்க்கவே கூடாது. இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: வெட்சூட் கட்டாயமா? கையுறை, காலுறை எல்லாம் போட்டு நீந்தலாமா?

பதில்: உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி தண்ணீர் 15.9 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் கட்டாயம். வயதுப் பிரிவுப் போட்டியாளர்களுக்கு ஸ்பிரிண்ட் தூரத்தில் 22 டிகிரி வரை அனுமதி உண்டு. தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சில நாடுகளின் சங்கங்கள் வேறு எல்லைகளை வைத்திருக்கின்றன, எனவே போட்டிக் கையேட்டைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

நீச்சலில் கையுறைக்கு அனுமதி கிடையாது. நியோப்ரீன் காலுறையைச் சில அமைப்புகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. கையேட்டில் தடை இல்லையென்றால் நாங்கள் முதலில் வாங்கச் சொல்வது தாடைப் பட்டை உள்ள நியோப்ரீன் தொப்பி. அதன் மேல் போட்டியில் தரும் தொப்பியைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தது காதடைப்பான். குளிர்ந்த நீர் காதுக்குள் போனால் தலை சுற்றும். கரையேறியதும் சிலர் தள்ளாடி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து முடிவெடுப்பது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பத்து முறை சுழற்றிப் பாருங்கள். தோள் இழுத்தால் பெரும்பாலும் வெட்சூட் சிறியது அல்ல, கால் பகுதியைச் சரியாக மேலே ஏற்றவில்லை. கணுக்காலிலிருந்து தொடங்கி, கவட்டில் இடைவெளியே இல்லாதபடி ஏற்றிய பிறகுதான் கையை நுழைக்க வேண்டும். நகத்தால் இழுத்தால் நியோப்ரீன் கிழியும், விரல் நுனிச் சதையால் இழுங்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். கழுத்து உரசாமலிருக்க வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலிய ஜெல்லி நியோப்ரீனைக் கெடுக்கும். வெட்சூட்டுக்கென்றே விற்கும் களிம்பு போதும்.

கேள்வி: தண்ணீரிலிருந்து வந்ததும் விரல்கள் மரத்துவிடுகின்றன. ஹெல்மெட் கொக்கியைக்கூட மாட்ட முடிவதில்லை. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் முதல் மாற்றுப் பகுதியில் ஏழு நிமிடம் போய்விட்டது. சைக்கிளில் என்ன உடுத்துவது, எந்த வரிசையில்?

பதில்: குளிர்காலப் போட்டியின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். நீச்சலைச் சமாளித்துவிட்டவர்கள்கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அவசர அவசரமாக ஈர டிரைசூட்டோடு (மூன்று பிரிவுக்கும் சேர்த்துப் போடும் ஒரே உடை) சைக்கிளில் ஏறி, முதல் ஐந்து கி.மீ.க்குள் நடுங்க ஆரம்பித்து, பிரேக்கைக்கூட நம்பிப் பிடிக்க முடியாத கையோடு ஓட்டுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கி.மீ.யை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 40 நிமிடம். குளிரில் விறைத்து வேகம் 28 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 43 நிமிடம். மாற்றுப் பகுதியில் கூடுதலாக ஒன்றரை நிமிடம் செலவழித்து உலர்ந்து உடுத்திக்கொண்டால் அதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்கும். இடத்துக்காகப் போட்டியிடாதவர்கள் மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

வெட்சூட்டைக் கரையேறின கையோடு கழற்றத் தொடங்குங்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு வரும். அது வடிந்துவிட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முதுகு ஜிப்பின் கயிற்று நுனியில் ஒரு பெரிய முடிச்சோ வளையமோ போட்டு வைத்தால் விரல் மரத்திருந்தாலும் உள்ளங்கையால் பிடித்து இழுக்கலாம். ஓடிக்கொண்டே இடுப்புவரை கழற்றிவிட்டு, மீதியை உங்கள் இடத்துக்கு வந்ததும் காலால் மிதித்துக் கழற்றுங்கள்.

அடுத்தது துண்டு. இரண்டு தேவை. ஒன்று தரையில் நிற்க, இன்னொன்று கைக்கும் நெஞ்சுக்கும் மட்டும். முதலில் கையை, விரலிடுக்குகளையும் சேர்த்து, நன்றாகத் துடையுங்கள். ஈரக் கையை வைத்துக்கொண்டு செய்யும் ஒவ்வொரு வேலையும் இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

மேலே போட வேண்டியது காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், அல்லது கையில்லாத மேற்சட்டை. 10 டிகிரிக்குக் கீழே கை வைத்ததே நல்லது. ஜாக்கெட்டின் ஜிப்பை மரத்த விரலால் அடியில் கோப்பது நடக்காத காரியம். அதனால் முன்கூட்டியே கோத்து, கால் பங்கு ஏற்றி வைத்துவிடுங்கள். பனியன் போல் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, ஜிப்பில் கட்டிய நாடாவைப் பிடித்து மேலே இழுத்தால் போதும். ஆகவே ஜாக்கெட் ஹெல்மெட்டுக்கு முன்னால் வர வேண்டும். அதற்கு மேல் போட்டி எண்ணை மாட்டிய நம்பர் பெல்ட். பிறகு காலுறை, ஷூ, ஹெல்மெட். கையுறை எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் அதைப் போட்ட பிறகு கொக்கி மாட்ட முடியாது. கொக்கி மாட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்தால் தண்டனை என்பது தெரிந்ததே. காந்தக் கொக்கி உள்ள ஹெல்மெட் கிடைத்தால் இந்தச் சிக்கலே பாதி தீர்ந்தது.

சட்டையோடு சேராமல் தனியாக மாட்டும் ஸ்பாண்டெக்ஸ் கை உறைகளை நம்பாதீர்கள். ஈரக் கையில் அவை பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதேபோல், பெடலிலேயே ஷூவை மாட்டி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறும் வித்தையை வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலுறையைக் குதிகால்வரை வெளிப்புறமாக மடித்து, விரல் பகுதி மட்டும் திறந்திருக்கும்படி வைத்தால் ஒரே இழுப்பில் ஏறும். டிரையத்லான் ஷூவின் அடியில் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் துளைகளை உள்ளிருந்து டேப் போட்டு அடைத்துவிடுங்கள். விரல் பகுதி உறையை ஷூவின் மேல் முன்பே மாட்டி வைக்கலாம்.

கையுறை ஓரளவு பெரியதாகவே இருக்கட்டும். இறுக்கமான ஐந்து விரல் கையுறையில் மரத்த சுண்டுவிரல் தன் இடத்தைத் தேடிப் போய்ச் சேராது. இரண்டு விரலாக இணைந்த கையுறையில் இந்தத் தொல்லை குறைவு, சூடும் அதிகம், பிரேக்கையும் பிடிக்க முடியும். உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். நீச்சலுக்கு அரை மணி நேரம் முன்பு, காற்றுப் பட்டால் சூடாகும் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கையுறைக்குள்ளும் ஷூவுக்குள்ளும் போட்டு வைத்தால் திரும்பி வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும். ஷூவுக்குள் வைத்ததை எடுத்துவிட்டுப் போடுங்கள். மழை வருவதாக இருந்தால் அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், எடுக்க வேண்டிய வரிசையிலேயே.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒத்திகை. ஒரு வாளியில் ஐஸ் போட்ட தண்ணீரில் இரண்டு கையையும் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, உடனே துடைத்து, ஜாக்கெட், பெல்ட், ஹெல்மெட், கையுறை என்று போட்டுப் பாருங்கள். எந்தக் கொக்கி கைக்கு வராது, எந்த ஜிப் சிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். குளிரில் விரல்கள் வெளுத்துப்போய் வலிக்கும் நோய் உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: சைக்கிளில் டயர் காற்று, பிரேக் இவற்றில் குளிருக்காக எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: அறைக்குள் 20 டிகிரியில் 7 பார் அடித்த டயரை வெளியே 5 டிகிரியில் வைத்தால் ஏறத்தாழ 0.4 பார் குறையும். ஆகவே போட்டி இடத்தில், சைக்கிள் குளிர்ந்த பிறகு அளந்து அடியுங்கள். சாலை ஈரமாக இருந்தால் வழக்கமாக அடிப்பதைவிட அரை பார் குறைவாகவே வையுங்கள், பிடிப்பு கூடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் என்றால் ஈரத்தில் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்வரை சரியாகப் பிடிக்காது. வளைவுக்கு முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிட வேண்டும்.

காற்றின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு 6, 7 டிகிரி போல உறைக்கும். 5 டிகிரியில் அதுவே பூஜ்யம். இது உலர்ந்த உடம்புக்கான கணக்கு, ஈர உடைக்கு இன்னும் மோசம். முதல் சில நிமிடம் கடினமான கியரில் மிதிக்காமல், லேசான கியரில் கால்களை வேகமாகச் சுழற்றுங்கள். உடம்பில் சூடு ஏறும், முழங்காலும் தப்பிக்கும்.

வழியில் சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் குளிரில் கெட்டியாகிவிடும். வாயால் கிழிக்கவும் வராது. ஒன்றே ஒன்றை, முனையைப் பாதி வெட்டிவிட்டு, டிரைசூட்டின் முதுகுப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், அல்லது பிரேமில் டேப்பால் ஒட்டுங்கள். தண்ணீர்ப் புட்டியில் சூடான நீரை ஊற்றி ஒரு காலுறைக்குள் நுழைத்து வைத்தால் நீச்சல் முடிந்து வரும்போதும் ஜில்லென்று இருக்காது.

கேள்வி: சைக்கிளிலிருந்து இறங்கியதும் பாதத்தில் உணர்வே இல்லை. கட்டையை ஊன்றி ஓடுவது போல் இருக்கிறது. ஓடலாமா?

பதில்: ஓடலாம். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று கி.மீ.க்குள் உணர்வு திரும்பும், திரும்பும்போது சுரீரென்று வலிக்கும். அதுவரை தரையை உணர முடியாது என்பதால் காலடியை எட்டிப் போடாதீர்கள், கணுக்கால் மடங்கும். ஷூவில் காலுறை சுருண்டிருந்தாலும் தெரியாது, போடும்போதே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஷூவுக்கு மீள்நாடா (இழுபடும் எலாஸ்டிக் கயிறு) போட்டிருந்தால் முடிச்சுப் போடும் வேலையே இல்லை. ஜாக்கெட்டைக் கழற்ற நேரம் செலவழிக்காமல் ஜிப்பை மட்டும் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: எனக்கு லேசான ஆஸ்துமா. குளிர்ந்த காற்றில் ஓடினால் நெஞ்சு இறுகுகிறது. இன்ஹேலர் பயன்படுத்தினால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வேனா?

பதில்: சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அளவு வரம்பு உண்டு, தடை இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் வரம்பு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகக் கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு இதற்கு வெகு கீழே. ஆனால் டெர்பியூட்டலின் போன்ற மருந்துகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், பெயரைச் சரிபாருங்கள். மருத்துவர் சொன்னபடி புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்வதோடு, கரையில் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடி உடம்பைச் சூடாக்கினால் பலருக்கு இறுக்கம் குறைகிறது. இன்ஹேலர் ஒன்று சைக்கிளில் உங்களோடு வரட்டும்.

கேள்வி: தண்ணீர் மிகவும் குளிர்ந்தால் நீச்சலை ரத்து செய்வார்களா?

பதில்: செய்வார்கள். தண்ணீர், காற்று இரண்டின் வெப்பநிலையையும் பார்த்து முதலில் தூரத்தைக் குறைப்பார்கள். 12 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் நீச்சலே இல்லாமல் ஓட்டம் – சைக்கிள் – ஓட்டம் என்று மாற்றிவிடுவது வழக்கம். முடிவு போட்டியன்று காலையில்கூட வரலாம். அப்போது வேர்த்த உடம்போடு சைக்கிளில் ஏறுவீர்கள், ஆகவே காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அப்போதும் வேண்டும். முதல் ஓட்டத்தில் எல்லாரும் பாய்வார்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், கால் சைக்கிளில் பழிவாங்கும். பனியில் ஓடி, பனியில் சைக்கிள் மிதித்து, பனிச்சறுக்கில் முடிக்கும் குளிர்கால டிரையத்லான் என்பது வேறு விளையாட்டு.

கேள்வி: போட்டியிடுவது என் மனைவி. முடித்ததும் வெகுநேரம் நடுங்குகிறாள். எல்லைக்கோட்டில் காத்திருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களைப் போல ஒருவர் அங்கே நிற்பதே பெரிய பாதுகாப்பு. குளிரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும், தோலிலும் கைகாலிலும் உள்ள குளிர் உள்ளே பரவுவதால். ஆகவே பதக்கத்தோடு படம் எடுப்பது பிறகு. பத்து நிமிடத்துக்குள் ஈர உடையைக் கழற்றி, மேலுடம்பை முதலில் உலர்த்தி உடுத்துங்கள். கம்பளித் தொப்பி, தளர்ந்த சட்டை, பொத்தானோ கொக்கியோ இல்லாத கால்சட்டை, தடித்த காலுறை. பையில் இவற்றைப் போடும் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள், அவர் விரல்கள் அப்போது ஒத்துழைக்காது. பாதத்துக்கு அடியில் ஒரு பாய் போடுங்கள், ஈரத் தரையிலிருந்து ஏறும் குளிர் கொஞ்சமல்ல. சூடான இனிப்புப் பானம் சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள். மது வேண்டாம். நடுக்கம் அடங்கும்வரை வெந்நீர்க் குளியலும் வேண்டாம், ரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து மயக்கம் வரலாம். காரை ஓட்டவும் விடாதீர்கள்.

நடுங்குவது நல்ல அறிகுறிதான், உடம்பு சூட்டை உண்டாக்குகிறது. பேச்சு குழறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, தள்ளாடுவது, உடம்பு சில்லென்றிருக்கும்போதே நடுக்கம் நின்றுவிடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை படுக்க வைத்துப் போர்த்துங்கள். நடக்க வைக்காதீர்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள்.